வண்ண அட்டையில் வரைந்த வாழ்வு

இலக்கியத்துக்கும் சமுதாயத்துக்கும் உள்ள தொடர்பு குறித்து நம்மிடையே நிறையப் பேசப்பட்டுவிட்டது. காவியமும் நாவலும் சிறுகதையும் தத்தம் காலத்து வர்க்க உறவுகளை எவ்வாறு பிரதிபலிக்கின்றன என்பதை ஆராய்வதில் முற்போக்குத் திறனாய்வு ஓரளவு முன்னேறியுமுள்ளது. ஆயினும், நூல் எதனையும் கையாலே தொடாமல் வாழ்ந்து மடிந்த மக்கள் தொகை மிகப் பெரிது. அவர்களுடைய கண்ணிற் பட்டவையும் மனத்திற் பதிந்தவையும் வேறு. கடைக்காரர் பொருளோடு சேர்த்து இலவசமாகக் கொடுத்த வண்ண விளம்பர அட்டை அவற்றுள் ஒன்று. உள்ளங்கை அளவான இந்த அட்டையைக் குப்பையென்று ஒதுக்குவோமாயின், சாதாரண மனிதரின் ஆசைகள் எவ்வாறு வளர்க்கப்பட்டன, யாருக்காக வளர்க்கப்பட்டன என்ற வினாவையும் அதனுடன் சேர்த்து ஒதுக்கிவிடுகிறோம்.

முதலில் இவ்வட்டைகளின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். 1796ஆம் ஆண்டளவில் ஜேர்மனியரான செனபெல்டர் கல்லச்சு முறையைக் கண்டறிந்தார். சுண்ணக்கல்லின் மேல் எண்ணெய்ப்பசையுள்ள மையால் வரைந்து, நீரும் எண்ணெயும் ஒட்டாத இயல்பைப் பயன்படுத்திப் படியெடுக்கும் முறை அது. 1837இல் பிரான்சில் எங்கெல்மன் என்பவர் வண்ணக் கல்லச்சுக்கு உரிமம் பெற்றார். ஒரு நிறத்துக்கு ஒரு கல்லாக, ஒரே படத்துக்குப் பத்துக்கு மேற்பட்ட கற்கள்கூடப் பயன்பட்டன. அதுவரை செல்வர் மாளிகைச் சுவர்களில் மட்டும் தொங்கிய வண்ணப் படம், இயந்திர அச்சின் உதவியால் மிக மலிவாக ஏழையின் கைக்கும் வந்து சேர்ந்தது. 1876இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் கம்பனிகள் இவ்வட்டைகளைப் பெருமளவில் வழங்கின. அடுத்த இருபது ஆண்டுகள் அட்டைகளின் பொற்காலம் எனலாம். சவர்க்காரம், நூற்கண்டு, கோப்பி, மருந்து, அடுப்பு, தையல் இயந்திரம் என அட்டையில்லாத பொருளே இல்லை என்னும் நிலை தோன்றியது. பெண்களும் சிறுவரும் அவற்றைச் சேகரித்துப் பெரிய புத்தகங்களில் ஒட்டி, வரவேற்பறையில் வைத்து விருந்தினருக்குக் காட்டினர். மலிவு விலைச் சஞ்சிகைகள் பரவிய பின்னர், ஏறத்தாழ 1900ஆம் ஆண்டளவில், விளம்பரம் அச்சஞ்சிகைப் பக்கங்களுக்கு இடம் பெயர்ந்தது. அட்டையின் செல்வாக்கும் குன்றியது.

பொருளை நேரே காட்டி விலை கூறுவது பழைய வணிகனின் வழக்கம். இவ்வட்டைகள் வேறு வழியைக் கைக்கொண்டன. பொருள் சிறிதாக ஓர் ஓரத்தில் நிற்கும், அல்லது அட்டையின் பின்புறத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும். முன்புறத்தில் ரோசாப்பூவும் பூனைக்குட்டியும் கொழுத்த குழந்தையும் பட்டாடை அணிந்த சீமாட்டியும் காட்சியளிப்பர். நூற்கண்டுக்கும் சீமாட்டிக்கும் இயற்கையான தொடர்பு யாதுமில்லை. அத்தொடர்பை அட்டையே படைக்கிறது. 1883இல் நியூயோர்க்கில் புரூக்லின் பாலம் திறக்கப்பட்டபோது, நூற்கண்டுக் கம்பனி ஒன்று அப்பாலத்தின் படத்தைத் தன் அட்டையில் வெளியிட்டது. பாலத்தைத் தாங்கும் உருக்கு வடத்தின் உறுதி நூலின் உறுதிக்குக் குறியீடாயிற்று. கவிஞன் கையாளும் உவமையை வணிகன் கையாளத் தொடங்கிவிட்டான் என்பது இங்கு மனங்கொளத்தக்கது. உவமையாற் கவிஞன் அனுபவத்தைத் துலக்குகிறான். வணிகன் விற்பனையைப் பெருக்குகிறான்.

குறியீட்டின் உள்ளியல்பை மடிப்பு அட்டைகள் மிகத் தெளிவாகக் காட்டுகின்றன. மடித்தபடி பார்த்தால் அழுக்குச் சமையலறை, சோர்ந்த மனைவி, சினந்த கணவன். மடிப்பை விரித்தால் அதே அறை ஒளிமயம். மனைவியின் முகத்தில் புன்னகை. கணவன் கையிற் பத்திரிகை. இரண்டு காட்சிகளுக்குமிடையில் நிகழ்ந்தது ஒன்றேயொன்று: குறிப்பிட்ட அடுப்போ சவர்க்காரமோ வாங்கப்பட்டது. கூலி உயரவில்லை, வேலை நேரம் குறையவில்லை, வாடகை மாறவில்லை. சமுதாய மாற்றத்தின் மூலம் கிடைக்கவேண்டிய வாழ்வு, கடையில் வாங்கக்கூடிய ஒரு பொருளின் மூலம் கிடைத்துவிடுவதாக ஒரு மடிப்புத் தாள் மெய்ப்பித்துவிடுகிறது.

மேலே ஏறும் கனவுக்குக் கீழே தள்ளப்படும் ஒருவரும் வேண்டும். 1886இல் வெளிவந்த 'மாஜிக் வொஷர்' என்னும் சலவைப் பொருளின் விளம்பரம் இதற்குத் தக்க சான்று. அமெரிக்க அரசின் குறியீடான 'சாம் மாமா' ஒரு கையில் சலவைப் பொருளை ஏந்திக்கொண்டு சீனரைக் காலால் உதைத்துக் கடலை நோக்கித் துரத்துகிறார். சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடைசெய்யும் சட்டம் 1882இல் நிறைவேறியிருந்தது. நகரங்களிற் சலவைத் தொழில் செய்து பிழைத்த சீனர் பலர். வெள்ளைத் தொழிலாளியின் வறுமைக்குக் காரணம் சீனத் தொழிலாளியே என்று அரசியல்வாதி மேடையிற் பேசியதை, அட்டை நகைச்சுவையாக வீட்டுக்குள் கொண்டுசென்றது. கறுப்பினக் குழந்தையைக் கழுவி வெண்ணிறமாக்குவதாகக் காட்டும் சவர்க்கார விளம்பரங்களும் இவ்வகையினவே. வெண்மை, தூய்மை, உயர்வு ஆகிய மூன்றும் ஒரே பொருளென மனத்திற் பதிந்துவிட்டபின், இனவெறியைத் தனியே போதிக்க வேண்டிய தேவை இல்லை. குழந்தைகள் அதனைத் தங்கள் ஒட்டுப் புத்தகத்தில் அழகாக ஒட்டிவைத்துக் கொள்கின்றனர்.

இத்தகைய அட்டைகளை இரு சாரார் இரு விதமாக நோக்குகின்றனர். சேகரிப்பாளர் இவற்றிற் பழமையின் அழகைக் காண்கின்றனர். ஏலத்தில் விலை பேசுகின்றனர். மற்றொரு சாரார் இவற்றை முதலாளித்துவத்தின் மோசடி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். முதற்சாராரின் குறை வெளிப்படை. இரண்டாஞ் சாராரின் குறை அத்துணை வெளிப்படையன்று. ஆகவே அது நம் கவனத்துக்குரியது. 1874இல் அமெரிக்கப் பத்திரிகாசிரியரான கொட்கின் தம் காலத்து மக்களின் பண்பாட்டை 'வண்ண அச்சுப்பட நாகரிகம்' என எள்ளி நகையாடினார். மலிவுப் படத்தையும் மேலோட்டமான கல்வியையும் கொண்டு தம்மைப் பண்பாளர் என எண்ணிக்கொள்ளும் புதியவர்மீது மேற்குடியினர் கொண்ட வெறுப்பின் குரல் அது. மலிவுப் படத்தை வெறுப்பது மட்டும் முற்போக்காகிவிடாது. அப்படத்தைப் பார்த்து ஏங்கிய பெண் எதற்காக ஏங்கினாள் என்று கேட்பதே முற்போக்குத் திறனாய்வின் கடமை.

இவ்வினாவை ஒரு குறிப்பிட்ட கம்பனியின் அட்டைகளை வைத்து ஆராய்வது பொருந்தும். சிங்கர் தையல் இயந்திரத்தை அறியாதார் நம்மிடையே அரியர். சிவப்பு நிற 'எஸ்' எழுத்தும் அதனுள் இயந்திரத்தின் முன் அமர்ந்து தைக்கும் பெண்ணும் சேர்ந்த அதன் இலச்சினை உலகின் மூலைமுடுக்கெல்லாம் சென்றது. 1851இல் ஐசக் சிங்கர் தம் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். 1850களில் அதன் விலை 100 டொலருக்கு மேல். அக்காலச் சாதாரண அமெரிக்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானமோ ஏறத்தாழ 500 டொலர். எனவே 1856இல் அவரது கூட்டாளி எட்வேர்ட் கிளார்க் தவணை முறையில் விற்கும் வழியைப் புகுத்தினார். சிறு தொகையை முதலிற் கட்டிப் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோய், எஞ்சியதை மாதாமாதம் செலுத்தலாம். அட்டை ஆசையை மூட்டியது. தவணை அவ்வாசையைக் கடனாக மாற்றியது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று துணையாக இயங்கின என்பதை உணராதவர்கள் அட்டையின் அழகியலையும் உணரமாட்டார்கள்.

சிங்கர் என்ற பெயருக்குப் பாடுவோர் என்ற ஆங்கிலப் பொருள் இருப்பதைப் பயன்படுத்தி, 1890களின் இறுதியில் கம்பனி பாடும் பறவைகளின் படங்களைத் தொடராக வெளியிட்டது. தையலின் உழைப்பு பறவையின் பாட்டாக உருமாறிற்று. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1892இல், 1893ஆம் ஆண்டுச் சிக்காகோ உலகக் கண்காட்சியையொட்டி வெளியிட்ட அட்டைத் தொடரோ நமக்கு இன்னும் நெருக்கமானது. முப்பதுக்கு மேற்பட்ட அவ்வட்டைகளில் நோர்வே, ஸ்பெயின், யப்பான், பர்மா, இந்தியா, சூலுலாந்து முதலிய நாட்டு மக்கள் தத்தம் உடையில் தோன்றுகின்றனர். இலங்கைக்கும் அதில் ஓர் அட்டை உண்டு. ஒவ்வொரு படத்திலும் நடுநாயகமாக அதே தையல் இயந்திரம். உடையும் நிறமும் நிலமும் வேறுபடலாம். மாறாமல் நிற்பது இயந்திரம் ஒன்றே. பின்புறத்தில் அந்நாட்டைப் பற்றிய சிறு குறிப்பு; சூலு மக்களைப் பற்றிய குறிப்பு அவர்கள் நாகரிகம் பெறத் தொடங்கி நூறாண்டும் ஆகவில்லை என்ற தொனியிற் பேசுகிறது.

சலவைப் பொருளின் அட்டை அந்நியனை வெளியே உதைத்தது; சிங்கரின் அட்டை அவனை அன்போடு உள்ளே அழைக்கிறது. அந்த அழைப்பை நாம் உற்றுநோக்க வேண்டும். நீயும் நாகரிகமடையலாம், எமது பொருளை வாங்கினாற் போதும் என்பதே அதன் பொருள். மனித சமத்துவம் என்னும் உயர்ந்த கருத்து, எல்லோரும் வாங்குவோரே என்ற அளவுக்குச் சுருக்கப்படுகிறது. பீரங்கியோடு வந்த பேரரசு ஒன்று. தவணைச் சீட்டோடு வந்த பேரரசு மற்றொன்று. இலங்கையிற் சிங்கரின் வணிகம் 1877இலேயே தொடங்கிவிட்டது. நம்மவர் அந்த அட்டையில் வரையப்பட்டபோது ஏற்கெனவே அதன் வாடிக்கையாளராகவும் இருந்தனர்.

கம்பனிப் படங்களைச் சூழ்ந்து வளர்ந்த கதைகளும் இத்தகையனவே. இயந்திரங்களைக் கண்டித்த காந்தியடிகள் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்களித்தார். 1924 நவம்பரில் 'யங் இந்தியா'வில் வெளிவந்த உரையாடலில், தன் மனைவி கையாற் தைத்துத் துன்புறுவதைக் கண்ட சிங்கர் அவள்மீது கொண்ட அன்பினால் அவ்வியந்திரத்தைப் படைத்தார் என்று அவர் கூறுகிறார். வரலாறு காட்டும் சிங்கர் வேறொருவர். நாடக நடிகராக ஊரூராய்த் திரிந்த அவர், 1850இல் பொஸ்ரன் நகரிலே ஓர் இயந்திரப் பட்டறையில், முன்னரே இருந்த தையல் இயந்திரமொன்றைத் திருத்தி அமைத்தவர். அவரது நோக்கம் இலாபம். எனினும் காந்தியடிகளே நம்பக்கூடிய அளவுக்கு அந்த அன்புக் கதை பரவியிருந்தது. பொருளின் பின்னால் நிற்கும் உழைப்பையும் இலாபத்தையும் மறைத்து அன்பை நிறுத்துவதே விளம்பரக் கலையின் உச்சம்.

அட்டையில் மறைந்த உழைப்பு எங்கே இருந்தது? 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்றொகுதியில் மார்க்ஸ், ஆடைத் தொழிலை அடியோடு புரட்டிய இயந்திரமாகத் தையல் இயந்திரத்தையே குறிப்பிடுகிறார். அட்டையில் அது யன்னல் ஒளி விழும் வரவேற்பறையில் நின்றது. வாழ்விலே இலண்டனின் கிழக்குப் பகுதியிலும் நியூயோர்க்கின் நெருக்கடியான வாடகைக் குடியிருப்புகளிலும் இருண்ட அறைகளில் நின்றது. துண்டுக் கூலிக்கு நள்ளிரவு வரை தைத்த பெண்களின் நிலையைப் பற்றி விசாரிக்கப் பிரித்தானியப் பிரபுக்கள் சபையே 1888இல் ஒரு குழுவை நியமிக்க நேர்ந்தது.

இயந்திரத்தை ஆக்கியோரின் கதையையும் கேட்க வேண்டும். ஸ்கொத்லாந்தில் கிளைட்பாங் நகரில் கில்போவி என்னுமிடத்தில் சிங்கரின் மாபெரும் தொழிற்சாலை இருந்தது. 1911ஆம் ஆண்டில் அங்கு 11,000க்கு மேற்பட்டோர் வேலை செய்தனர். இயந்திரம் பொருத்தும் மரப்பெட்டிகளுக்கு மெருகிடும் பெண்கள் சிலரின் வேலைச்சுமை அவ்வாண்டு கூட்டப்பட்டது. மார்ச் 21ஆம் திகதி 12 பெண்கள் வேலையை நிறுத்தினர். அவர்களுக்காக ஏனைய பெண்கள் வெளியேறினர். பின்னர் ஆண்களும் வெளியேறினர். சில நாட்களில் ஏறத்தாழ முழுத் தொழிற்சாலையும் நின்றது. வரவேற்பறைப் படத்தில் நம் கண்ணைப் பறிக்கும் மரப்பெட்டியின் பளபளப்பு அந்தப் பெண்களின் கைவண்ணம் என்பதை எந்த அட்டையும் கூறவில்லை.

கம்பனி அப்போராட்டத்தை முறியடித்த முறை நம் ஆராய்ச்சிக்கு நேரடியாகத் தொடர்புடையது. தொழிலாளர் தலைவர்களுடன் பேசுவதை விட்டு, ஒவ்வொரு தொழிலாளியின் வீட்டுக்கும் அஞ்சலட்டை அனுப்பி, வேலைக்குத் திரும்ப இசைவு கேட்டது. மைதானத்தில் ஒன்றாய் நின்றவர் தம் வீட்டிலே தனியராய் அந்த அட்டையை எதிர்கொண்டனர். பெரும்பான்மையினர் இசைந்ததாகக் கம்பனி அறிவித்தது; ஏப்ரல் மாதத்தில் வேலைநிறுத்தம் முடிந்தது; பின்னர் ஏறத்தாழ 400 பேர் வேலை நீக்கப்பட்டனர். அவ்வாறு நீக்கப்பட்டவருள் ஒருவரான ஆதர் மக்மனஸ் 1920இல் பிரித்தானியக் கம்யூனிஸ்ட் கட்சியின் முதற் தலைவரானார். விளம்பர அட்டையும் அந்த அஞ்சலட்டையும் பயனில் வேறானவை, இயல்பில் ஒன்றே. இரண்டும் மனிதனைக் கூட்டத்திலிருந்து பிரித்து, அவனுடைய வீட்டின் தனிமையிலே அவனோடு பேசுகின்றன. உன் துன்பத்துக்கு நீ தனித்தே ஒரு முடிவு காணலாம் என்பதே இரண்டின் உபதேசமும்.

கில்போவிப் பெண்கள் வேலையை நிறுத்திய நான்காம் நாள், 1911 மார்ச் 25ஆம் திகதி, நியூயோர்க்கின் ட்ரையங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. மாண்டோர் 146 பேர்; பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடியேறிகளின் இளம் பெண்மக்கள். அவர்கள் வரிசை வரிசையாகத் தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்து வேலை செய்தவர்கள். இயந்திரத்தை ஆக்கிய பெண்ணும் அதிலே தைத்த பெண்ணும் ஒரே வாரத்தில் வரலாற்றில் தோன்றினர். அட்டையில் இருவருக்கும் இடமில்லை. அங்கே இருந்தது வாங்கும் பெண் மட்டுமே.

ஆயின், அட்டை காட்டிய கனவு முழுப் பொய்யா? அவ்வாறு கூறுவது உண்மைக்குப் புறம்பாகும். ஒரு சட்டையைக் கையாற் தைப்பதற்குப் பல மணி நேரம் செலவிட்ட பெண்ணுக்குத் தையல் இயந்திரம் மெய்யான விடுதலைதான். நம்மிடையே தையல் இயந்திரம் சீதனப் பொருள்களுள் ஒன்றாக எண்ணப்பட்ட வீடுகள் இருந்தன. கணவனை இழந்தபின் அவ்வியந்திரத்தின் துணையாற் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மாரும் உளர். யுத்தத்தில் யாவற்றையும் இழந்த வன்னிப் பெண்களுக்கு மீண்டும் வாழத் தரப்பட்டவற்றுள் தையல் இயந்திரமும் இருந்தது. இப்பெண்கள் விரும்பியது ஓய்வு, ஒளி, தூய்மை, பிறர் முன் தலைநிமிர்ந்து நிற்கும் மதிப்பு ஆகியவற்றை. இவற்றுள் எதுவும் இழிந்த ஆசையன்று. மனிதர் யாவர்க்கும் உரியதை மனிதர் விரும்பினர். அட்டை அந்த ஆசையை உண்டாக்கவில்லை; அவர்களிடமிருந்தே கடன் வாங்கி, சட்டம் போட்டு அவர்களுக்கே விலைக்கு விற்றது. பலரும் சேர்ந்து நடந்தாலன்றி அடையமுடியாத இடத்துக்குத் தனியொருத்தி பொருள் வாங்கிப் போய்ச் சேரலாம் என்று கூறியதிலேயே அதன் பொய் அடங்கியுள்ளது.

நம் நாட்டின் பிற்கால வரலாறும் இதனையே உணர்த்துகிறது. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டபோது கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். சொந்த உழைப்பு, சொந்தப் பணம், நகர வாழ்வு என்ற கனவு அவர்களை அழைத்தது. தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்த பெண் என்ற பழைய படம் அங்கே நூற்றுக்கணக்கான வரிசைகளாகப் பெருகியது. அவர்கள் தைத்த ஆடைகளை அணிந்து விளம்பரங்களிற் புன்னகைப்போர் வேறு யாரோ. 2011ஆம் ஆண்டு மே மாத இறுதியில், தனியார்துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்து அத்தொழிலாளர் வீதிக்கு இறங்கினர். பொலிசார் சுட்டதில் ஓர் இளந்தொழிலாளி உயிரிழந்தார்; அரசு அச்சட்டமூலத்தைக் கைவிட்டது. கில்போவிப் பெண்கள் வெளியேறிச் சரியாக நூறாண்டுகள் கழிந்திருந்தன. கம்பனிகளும் நாடுகளும் வேறு, கேள்வி ஒன்றே. தாம் ஆக்கும் அழகிலே தமக்கு ஏன் பங்கில்லை என்பதே அக்கேள்வி.

இன்று வண்ண அட்டை கைத்தொலைபேசித் திரைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. நம் மாணவர் ஒரு நாளிற் காணும் விளம்பரப் படங்கள், அக்காலச் சிறுமி தன் ஒட்டுப் புத்தகம் முழுவதிலும் சேர்த்தவற்றிலும் கூடுதலாக இருக்கலாம். தவணைச் சீட்டும் திரையிலேயே வந்துவிட்டது. இலக்கிய வகுப்பிலே உவமையையும் உருவகத்தையும் விளக்கிவிட்டு, அவ்வுருவகங்களே தெருவிலும் திரையிலும் செய்யும் வேலையைப் பற்றி வாய்திறவாத கல்வி அரைகுறைக் கல்வியாகும். ஒரு விளம்பரப் படத்தை வகுப்பில் வைத்து மூன்று வினாக்கள் எழுப்பலாம். இப்படத்தில் இன்புறுவோர் யார்? இப்பொருளை ஆக்கியோர் எங்கே? இவ்வின்பத்தை எல்லோரும் பெறுவதற்குத் தடையாக நிற்பது எது? முதலாம் வினாவுக்குப் படமே விடை கூறும். இரண்டாவதற்கு வரலாறு கூறும். மூன்றாவதற்கு விடை தேடும் மாணவன் இலக்கியத் திறனாய்வினின்று சமுதாயத் திறனாய்வுக்குத் தானாகவே வந்து சேர்வான்.

அந்த மாணவனிடம் ஆசைப்படாதே என்று நாம் உபதேசிக்க வேண்டியதில்லை. துறவு போதிப்பது திறனாய்வாளன் தொழிலன்று. கில்போவியில் மெருகிட்ட பெண்களும் கட்டுநாயக்கவில் தைத்த பெண்களும் ஆசைப்பட்டமையாலேயே வெளியே வந்தனர். அட்டையில் வரைந்த ஒளியறை அவர்களுக்கும் உரியது. அதனைத் தவணையில் வாங்க முடியாது என்பதை ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்ட வேளையில் அவர்கள் தனியராக இருக்கவில்லை.